மறுக்க வழியில்லாத இசைவு இசைவாகுமா?



வட்டிக் கடைக்காரனிடம் கடன் கேட்டு நிற்கிறான் ஓர் உழவன். வீட்டிலே நோயாளி, கையிலே காசில்லை, பொழுதோ சாய்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரன் ஒரு தாளை நீட்டுகிறான். நான்கு பக்கம், நெருக்கி எழுதிய வாசகம். "படித்துப் பார்த்த பிறகுதான் ஒப்புவாய் என்றால் நாளைக்கு வா. பணம் இப்போதே வேண்டுமென்றால் இதோ மை, இதோ தாள், பெருவிரலைப் பதி" என்கிறான். உழவன் பதிக்கிறான். பின்னொரு நாள் வழக்கு மன்றத்திலே அந்தத் தாள் நீட்டப்படுகிறது: "மனமொப்பி வைத்த கைநாட்டு, கனம் நீதிபதி அவர்களே!"

அதனை மனமொப்பிய இசைவு என்று நம்மில் எவரும் ஏற்கமாட்டோம். அவசரத்தையும் அறியாமையையும் பயன்படுத்திப் பறித்த கைநாட்டு என்றே சொல்வோம், மேடையேறி முழங்குவோம். ஆனால், அதே வகைக் கைநாட்டை நாமே நாள்தோறும் பத்து முறை பதித்துக்கொண்டிருக்கிறோமே, கைப்பேசித் திரையிலே, அதைப் பற்றி எண்ணியதுண்டா?

செய்தி படிக்க ஓர் இணையத்தளத்தைத் திறக்கிறோம். திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு எழுகிறது: "உங்கள் வசதிக்காகக் குக்கீகளைப் பயன்படுத்துகிறோம்." அதன்கீழே பளிச்சென்ற வண்ணத்திலே ஒரு பொத்தான்: "அனைத்தையும் ஏற்கிறேன்." அருகிலே, மங்கிய எழுத்திலே, "விருப்பங்களை நிர்வகி" என்றொரு வாசகம். "மறுக்கிறேன்" என்ற சொல்லைத் தேடினால், பல தளங்களின் முதல் திரையிலே அது கிடைப்பதில்லை! பேருந்து வந்துவிடும், வேலைக்கு நேரமாகிவிடும். விரலைப் பதிக்கிறோம், செய்தியைப் படிக்கிறோம், பதித்ததை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னே இருப்பது யாது? அதனால் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு? தடுக்கும் வழி என்ன? இவற்றைப் பொறியாளர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. மக்களின் இசைவைக் கொண்டே ஆட்சி அமைகிறது என்பது மக்களாட்சியின் அரிச்சுவடி. அந்த இசைவு எப்படிப் பெறப்படுகிறது என்று கேட்பது அரசியல் தொண்டனின் முதற்கடமை. வாக்குச் சீட்டிலே ஒரே ஒரு பெயரை அச்சிட்டு, அதற்கு விழுந்த வாக்குகளை எண்ணிக் காட்டினால், அதைத் தேர்தல் என்போமா?

குக்கீ பிறக்கும்போதே கேடாகப் பிறந்ததன்று. 1994ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்திலே பணியாற்றிய லூ மோன்டுல்லி என்ற இளம் பொறியாளர் அதனை உருவாக்கினார். அன்றைய இணையத்துக்கு நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். மறு பக்கத்தைக் கேட்டால், முன்னர்க் கேட்டவரும் இவரே என்று அறியாது. அரிசியைக் கூடையிலே எடுத்து வைத்துவிட்டுப் பருப்பு எடுக்கத் திரும்பினால், "நீர் யார்?" என்று கடைக்காரர் கேட்பது போன்ற நிலை. அதற்கு மருந்தாக வந்ததே குக்கீ.

சினிமாக் கொட்டகை வாசலிலே சைக்கிளை விடுகிறோம். ஒரு டோக்கன் தருகிறார்கள். திரும்பி வந்து காட்டினால் நமது சைக்கிளைத் தருகிறார்கள். குக்கீயும் அத்தகைய டோக்கனே. தளத்தின் சர்வர் ஒரு சிறு குறிப்பை, பெரும்பாலும் ஓர் எண்ணை, நமது உலாவிக்கு அனுப்புகிறது. உலாவி அதனைப் பத்திரப்படுத்தி, அதே தளத்துக்கு மறுபடி செல்லும்போது திருப்பிக் காட்டுகிறது. வங்கித் தளத்திலே கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துவிட்டுப் பல பக்கங்களைப் பார்க்க முடிகிறதே, அந்த டோக்கனின் தயவால்தான். சில குக்கீகள் உலாவியை மூடியவுடன் அழிந்துவிடும். சில, குறித்த நாள் வரை தங்கியிருக்கும்.

ஒவ்வோர் உலாவிக்கும் மாறாத அடையாள எண் ஒன்றை வழங்கிவிடலாம் என்ற வேறு வழியும் அன்று இருந்தது. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரை எங்கும் பின்தொடரலாம் என்று கருதியே, அதனை மோன்டுல்லி தவிர்த்தார். ஒரு தளம் கொடுத்த குக்கீயை அந்தத் தளமே படிக்கலாம், பிறர் படிக்கலாகாது என்று வேலி கட்டினார்.

வேலி கட்டிய தோட்டத்திலே ஆடு புகுந்தது எப்படி?

நாம் திறக்கும் பக்கம் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வருகிறது. அதன் ஓரத்து விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. விளம்பரம் அனுப்பும் அந்த நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை நமது உலாவியிலே வைத்துவிடுகிறது. இதுவே மூன்றாம் தரப்புக் குக்கீ. அதே நிறுவனத்தின் விளம்பரம் மருந்துக் கடைத் தளத்திலும் உண்டு. வேலை தேடித்தரும் தளத்திலும் உண்டு. திருமணத் தகவல் தளத்திலும் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் நமது உலாவி அதே டோக்கனை அதே நிறுவனத்திடம் காட்டுகிறது. கொட்டகை வாசலிலே டோக்கன் கொடுத்தவன், ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் வாசலிலும் தன் ஆளை நிறுத்தி வைத்து, நாம் எங்கே நுழைந்தோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்று ஏட்டிலே எழுதிக்கொண்டே வருகிறான்!

இந்த ஆபத்தை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை என்று சொல்வதற்கில்லை. 1997ஆம் ஆண்டு பிப்ரவரியிலே, இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு குக்கீ பற்றிய முதல் விதிமுறையை வெளியிட்டது. பயனர் கேட்டாலொழிய மூன்றாம் தரப்புக் குக்கீயை உலாவி ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. அதனை எழுதிய இருவரில் ஒருவர் மோன்டுல்லியே. ஆயினும், அன்றைய பெரிய உலாவிகள் அந்த அறிவுரையைப் பின்பற்றவில்லை. விளம்பர வணிகம் வளர்ந்தது. டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2007இல் அறிவித்தது. 2008 மார்ச்சிலே வாங்கி முடித்தது. அதே ஆண்டு செப்டம்பரிலே குரோம் என்ற தன் உலாவியையும் வெளியிட்டது. டோக்கன் கொடுப்பவனும் அவனே, அதை நம் சட்டைப் பையிலே காத்து வைப்பவனும் அவனே என்றாயிற்று!

"இருந்தால் என்ன? ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லையே!" என்று கூறும் நல்லவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்போம். 2019ஆம் ஆண்டு, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளிலே மனச்சோர்வு பற்றிய தகவல் தரும் இணையத்தளங்களைப் பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஆராய்ந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றிலே மூன்றாம் தரப்பினரின் கண்காணிப்பு இருக்கக் கண்டது. மனம் நொந்த ஒருவர், தாயிடமும் சொல்லாத துயரத்தை, நள்ளிரவிலே ஒரு தளத்திலே தேடிப் படிக்கிறார். அவர் அங்கு வந்தார் என்ற செய்தி விளம்பர வணிகரின் ஏட்டுக்குப் போகிறது. அவர் செய்த குற்றம் என்ன? நோயுற்றது குற்றமா? கடன்பட்டவர் கடன் தீர்க்க வழி தேடுவது குற்றமா? கருவுற்ற பெண் மருத்துவக் குறிப்புப் படிப்பது குற்றமா? ஒளிப்பதற்குரிய குற்றம் வேறு, பிறருக்குச் சொல்ல விரும்பாத சொந்த வாழ்வு வேறு. குற்றமற்றவர் வீட்டுக்கும் கதவு உண்டு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு.

இனி, இந்தக் கைநாட்டை எதிர்த்து மக்களின் பேரால் வழக்கு மன்றம் ஏறிய வரலாற்றைப் பார்ப்போம். அது ஐரோப்பாவிலே நிகழ்ந்தது. மின்னணுத் தொடர்பிலே தனியுரிமை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் ஆணை பிறப்பித்தது. 2009இல் அதனைத் திருத்தி, இன்றியமையாதவை தவிர மற்றக் குக்கீகளை வைப்பதற்குப் பயனரின் இசைவு வேண்டும் என்றது. 2018 மே 25ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பதன் இலக்கணத்தை இறுக்கிற்று.

சட்டம் வந்தால் வணிகர் வழிக்கு வந்துவிடுவரோ? வரவில்லை. வழக்கு மன்றம் ஏற வேண்டியிருந்தது. பிளானட்49 என்ற ஜெர்மன் நிறுவனம் 2013இல் ஒரு பரிசுப் போட்டி நடத்தியது. போட்டியிலே சேருவோர் பார்க்கும் பக்கத்திலே, "குக்கீக்கு ஒப்புகிறேன்" என்ற கட்டத்திலே நிறுவனமே முன்கூட்டி டிக் அடித்து வைத்திருந்தது! வேண்டாதவர் அதனை நீக்க வேண்டுமாம். ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. 2019 அக்டோபர் 1ஆம் நாள் தீர்ப்பு வந்தது: முன்கூட்டி டிக் அடித்த கட்டம் இசைவாகாது, குக்கீ எத்தனை காலம் இயங்கும், மூன்றாம் தரப்பினர் அதனை அணுக முடியுமா என்பதையும் பயனருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். பேசாதிருப்பது சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழிக்கு அங்கே இடமில்லாது போயிற்று!

அடுத்த போர்க்களம் பிரான்சு. இசைவு பெறுமுன்பே குக்கீ வைத்ததற்காக 2020 டிசம்பரிலே அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 10 கோடி யூரோவும், அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் இசைவு கேட்கத் தொடங்கின. எப்படிக் கேட்டன? ஏற்க ஒரு பொத்தான். மறுக்க வேண்டுமானால் பல படி ஏறி இறங்க வேண்டும்! ஆணையம் அதையும் விடவில்லை. ஏற்பது எவ்வளவு எளிதோ, மறுப்பதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்று கூறி, கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ என்று அபராதம் விதித்ததை 2022 ஜனவரியிலே அறிவித்தது. மூன்று மாதத்திற்குள் திருந்தாவிட்டால் நாளொன்றுக்கு 1 இலட்சம் யூரோ மேலும் கட்ட வேண்டும் என்றும் எச்சரித்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலே, "அனைத்தையும் மறுக்கிறேன்" என்ற பொத்தானைக் கூகுள் பிரான்சிலே கொண்டுவந்தது. கேட்டபோது பிறக்காத பொத்தான், அபராதம் விழுந்தபின் பிறந்தது!

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மறுக்கும் பொத்தானைச் செய்வதிலே நுட்பச் சிக்கல் எதுவுமில்லை. ஏற்கும் பொத்தானைச் செய்யத் தெரிந்தவருக்கு மறுக்கும் பொத்தானையும் செய்யத் தெரியும். மனமில்லாமையே குறை. நிறுவனங்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும் என்று காத்திருந்தோர் பட்ட பாட்டையும் பாருங்கள். மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளுக்குள் குரோம் உலாவியிலிருந்து ஒழிப்போம் என்று கூகுள் 2020 ஜனவரியிலே அறிவித்தது. கெடு தள்ளிப் போடப்பட்டது. மீண்டும் தள்ளிப் போடப்பட்டது. 2024 ஜூலையிலே, ஒழிக்கப் போவதில்லை, பயனருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தருவோம் என்றனர். 2025 ஏப்ரலிலே, அதற்கெனப் புதிய கேள்வி எதையும் பயனர் முன் வைக்கப் போவதில்லை, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டனர். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதலே மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனிச் சாடியிலே அடைத்து, ஒன்றையொன்று அறியாதபடி வைக்கிறது. செய்ய இயலும் என்பதற்கு இவையே சான்று.

எதிர்வாதம் ஒன்றுண்டு, நேர்மையாக அதற்கும் விடை கூறியாக வேண்டும். "விளம்பர வருவாயால்தான் செய்தியை இலவசமாகத் தருகிறோம். கண்காணிப்பு இல்லையேல் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லையேல் செய்தி இல்லை" என்கின்றனர். ஏடு நடத்துவோர் படும் இடர்ப்பாடு நமக்குத் தெரியாததா? தெரிந்ததனால்தான் சொல்கிறோம்: தமிழ் ஏடுகளிலே பல்லாண்டுக் காலம் துணிக்கடை விளம்பரம் வந்தது, பல்பொடி விளம்பரம் வந்தது. அந்த விளம்பரத்தைப் படித்தவர் பின்னாலே துணிக்கடைக்காரர் வீடுவரை நடந்து சென்றதில்லை! எந்தப் பக்கத்திலே என்ன செய்தி வருகிறதோ, அதற்கேற்ற விளம்பரத்தை வைப்பது பழைய முறை. இன்றும் இயலும் முறை. நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2020 தொடக்கத்திலே விளம்பரக் குக்கீகளைத் தன் தளங்களிலிருந்து நீக்கி, இந்தப் பழைய முறைக்குத் திரும்பியது. வருவாய் வீழ்ந்துவிடும் என்று அஞ்சினர்; அவ்வாண்டின் முதல் மாதங்களிலே, முந்திய ஆண்டைக் காட்டிலும் வருவாய் கூடிற்று. எல்லோருக்கும் எப்போதும் அவ்வாறே நிகழும் என்று நாம் வாதிடவில்லை. கண்காணிப்பு ஒழிந்தால் செய்தியே ஒழிந்துவிடும் என்ற அச்சுறுத்தல் நிற்காது என்பதற்கு இது போதும்.

நம் நாட்டின் நிலை என்ன? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்திலே நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரிலே அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று வகுக்கப்பட்டது. குக்கீ என்ற சொல் அச்சட்டத்திலே இல்லை. ஆயினும், இசைவு என்பது தங்குதடையற்றதாக, குறிப்பிட்ட காரியத்துக்குரியதாக, விவரமறிந்து தந்ததாக, தெளிவான செயலால் உணர்த்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போன்றே எளிதாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆளைச் சுட்டும் தகவலைத் திரட்டும் குக்கீக்கு இந்த இலக்கணம் பொருந்தாது என்று எவர் சொல்ல முடியும்?

அதே சட்டத்திலே நாம் கவனிக்க வேண்டிய வாசகம் மற்றொன்று உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் எதிலேனுமோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது. அந்த 22இலே தமிழும் ஒன்று. புரியாத மொழியிலே நீட்டிய தாளிலே பெற்ற கைநாட்டு எத்தகையது என்பதை நாம் தொடக்கத்திலேயே பார்த்தோம். தமிழ் படித்தவரிடம் தமிழிலே கேட்டுப் பெறாத இசைவை, விவரமறிந்து தந்த இசைவு என்று எவரும் உரிமை கொண்டாடலாகாது. இந்த உரிமை ஏட்டிலே இருந்தால் போதாது. கேட்டுப் பெற வேண்டும். அத்துடன், அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு இச்சட்டத்திலேயே தனக்கென வைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் மறவாதீர். வணிகரைக் கட்டும் கயிறு ஆள்வோரையும் கட்ட வேண்டும் என்பதே நமது கட்சி.

சட்டம் முழு வீச்சிலே வரும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டாம். இன்றே செய்யத்தக்கவை சில உள. உலாவியின் அமைப்புகளைத் திறந்து, தனியுரிமை பற்றிய பகுதியிலே மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரோம் வைத்திருப்போர் இதனைத் தாமே செய்தாக வேண்டும். அறிவிப்பு எழும்போது மறுக்கும் பொத்தானைத் தேடுங்கள். முதல் திரையிலே இல்லையேல் "விருப்பங்கள்" என்பதனுள்ளே இருக்கும். இன்றியமையாத குக்கீகளை மட்டும் ஏற்றாலே பெரும்பாலான தளங்கள் குறையின்றி இயங்கும். சேர்ந்துவிட்ட குக்கீகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். அழித்தால் தளங்கள் மறுபடி கடவுச்சொல்லைக் கேட்கும், ஆதலால் அதனை முன்னரே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய கணிப்பொறியிலே வேலை பார்க்க நேர்ந்தால் தனிச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். மூடியவுடன் அதன் குக்கீகள் அழியும். ஆனால் அதை மாயப் போர்வை என்று எண்ணிவிடாதீர். நாம் செல்லும் தளமும், இணைய இணைப்புத் தருபவரும் நம்மைக் காண அது தடையாகாது. பெயர் கொடுத்து நுழைந்த தளத்திலே, குக்கீயைத் தடுத்தாலும் அந்தத் தளம் நம்மை அறிந்தே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கழகங்கள், சங்கங்கள், படிப்பகங்கள் பெயராலே நம் தோழர்கள் பலர் இணையத்தளம் நடத்துகின்றனர். அந்தத் தளங்களிலே எத்தனை மூன்றாம் தரப்புக் குக்கீகள் இருக்கின்றன என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? இலவசமாகக் கிடைத்ததென்று ஒட்டிய எண்ணிக்கைக் கருவியும், பகிர்வதற்கென ஒட்டிய பொத்தானும், நம்மை நம்பி வந்த தொண்டரின் வரவை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கலாம். ஊரார் தெருவைப் பெருக்கப் புறப்படுமுன் நமது வாசலைப் பெருக்குவோம். தேவையற்றதை நீக்குவோம். நம் தளத்திலே மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானுக்குச் சமமான அளவிலே, பக்கத்திலேயே, நல்ல தமிழிலே இருக்கட்டும்.

உழவனின் கைநாட்டை எதிர்த்தவர்கள், அவனுக்குக் கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளைப் படித்துக் காட்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடு என்றுதான் கேட்டார்கள். நாமும் இணையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்பது ஒன்றே: "ஆம்" என்பதற்கு எத்தனை இடமோ, "இல்லை" என்பதற்கும் அத்தனை இடம்! அந்த "இல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு இருக்கும் இடத்திலேதான் "ஆம்" என்ற சொல்லுக்கும் மதிப்பு உண்டு. நாளைக் காலை அந்த அறிவிப்பு திரையிலே எழும்போது, தோழர்களே, ஒரு நொடி நில்லுங்கள். விரலைப் பதிக்குமுன் மறுக்கும் பொத்தான் எங்கே என்று கேளுங்கள்!